வண்டிக்குப் பொருந்தாத வீடு

சில வருடங்களுக்கு முன் ஜேர்மனியில், எர்லாங்கனுக்கு வடக்கே உள்ள ஒரு மலைக் கிராமத்தில் நடந்தது இது. அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடந்த காலம்.

என் கணவருக்கு அப்போது சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக வீட்டிலேயே திரவம் மாற்ற வேண்டும், அதுவும் ஒரு நாளில் பல தடவை. ஒவ்வொரு தடவையும் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, கை கழுவி, முகக்கவசம் போட்டு, சுத்தமான ஓர் அறைக்குள் இருக்க வேண்டும். இதனால் நாங்கள் ஒரு பகல் முழுவதும் வெளியே இருப்பதே அபூர்வமாகிவிட்டது.

அவருக்குக் கூடப் பிறந்தவர் ஒரே ஒரு தங்கைதான். நோர்வேயின் மேற்குக் கரையில் இருந்தார். நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது அண்ணன் இங்கும் தங்கை அங்குமாகப் போய்ச் சேர்ந்தவர்கள். அந்த வருடம் அந்தத் தங்கைக்கு, என் மச்சாளுக்கு, பாரிசவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. அவருடைய மகள் போனை முகத்துக்கு நேரே பிடிப்பாள். என் கணவர் கதைப்பார், மச்சாள் பார்த்துக்கொண்டே இருப்பார். "பாத்தால் காணாது. பக்கத்தில இருக்கவேணும்" என்று இவர் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பெட்டி பெட்டியாகத் திரவப் பைகளைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏற இவருக்குப் பயம். அப்போதுதான் இணையத்தில் அந்த கேம்பரைக் கண்டார். பிக்கப் வண்டியின் பின்தட்டில் ஏற்றிவைக்கிற சின்ன வீடு. கட்டில், மேசை, தண்ணீர்க் குழாய், இறுக்கிச் சாத்தக்கூடிய கதவு எல்லாம் உண்டு. இவர் தோட்ட வேலை செய்த காலத்துப் பிக்கப் எங்களிடம் இருந்தது. இருவரிசை இருக்கை, அதனால் பின்தட்டு குட்டை. இவர் அகலத்தைத்தான் அளந்தார். நீளத்தைப் பற்றிக் கேட்டபோது, "கொஞ்சம் வெளியால நீட்டிக்கொண்டு நிக்கும். கட்டினால் சரி" என்றார்.

விற்றவர் எழுபதைத் தாண்டிய ஒரு ஜேர்மன் பெண்மணி. கணவர் இறந்து இரண்டு வருடங்களாகத் தனியாக இருந்தார். கேம்பர் அவர் வீட்டு முற்றத்தில் தன் நான்கு இரும்புக் கால்களில் நின்றது. எங்கள் பிக்கப்பைப் பின்னோக்கி அதன் அடியில் விட்டு, கால்களின் கைப்பிடிகளைச் சுற்றிச் சுற்றி அதை இறக்கினோம். பாரம் இறங்க இறங்க வண்டியின் மூக்கு மேலே எழும்பியது. வீட்டின் பாதி பின்சக்கரங்களைத் தாண்டித் தொங்கியது.

"உங்கள் வண்டி இதற்கு மிகவும் குட்டை" என்றார் அந்தப் பெண்மணி.

"மெதுவாகத்தான் போவோம்" என்றார் என் கணவர். அவர் கண்ணில் நோர்வே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் சொல்லியும் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

கிராமத்தைத் தாண்டியதும் ஓர் ஏற்றம், அதன் உச்சியில் ஒரு வளைவு. இவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார். வண்டி திரும்பவில்லை. முன்சக்கரங்கள் ரோட்டில் பட்டும் படாமலும் இருந்திருக்க வேண்டும். எதிரே ஒரு பால் லொறி வந்துகொண்டிருந்தது. "ஐயோ, பிடியுங்கோ!" என்று நான் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. லொறி எங்களை உரசுவதுபோலக் கடந்துபோனது. நாங்கள் நேராக ரோட்டைத் தாண்டி, வெட்டிய வயலுக்குள் இறங்கி நின்றோம்.

எங்கள் இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இவர் ஸ்டியரிங்கை விடாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாரும்," என்றார் கடைசியில். "நான் இனி அவளைப் பாக்கமாட்டன்."

திருமணமாகி இத்தனை வருடங்களில் அவர் அப்படி உடைந்ததை நான் கண்டதில்லை. அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். அந்தப் பெண்மணிதான். மனம் கேட்காமல் தன் சின்னக் காரில் எங்களுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறார். திட்டவில்லை. "இவ்வளவு அவசரமாக எங்கே போகப் பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நான்தான் தங்கையைப் பற்றியும், திரவப் பைகளைப் பற்றியும் எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "இங்கேயே இருங்கள்" என்று சொல்லிப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது ஒரு பழைய அமெரிக்கப் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். ஒற்றை வரிசை இருக்கை, நீண்ட பின்தட்டு. கால்களுக்குக் கீழே பலகை வைத்து, வயலிலேயே கேம்பரை உயர்த்தி, எங்கள் வண்டியை வெளியே எடுத்தோம். அவர் தன் வண்டியைப் பின்னுக்கு விட்டார். மேசையிலிருந்து இழுத்த லாச்சி திரும்ப உள்ளே போவதுபோல கேம்பர் பொருந்தியது.

என் கணவர் ஆசையோடு அந்த வண்டியைத் தொட்டார். "இதை விற்பீர்களா?"

"மாட்டேன். இது அவர் ஓட்டியது" என்றார். "விற்றாலும் நீங்கள் ஓட்ட முடியாது. இரண்டும் சேர்ந்தால் உங்கள் லைசன்ஸுக்குப் பாரம் கூட. என்னிடம் பழைய லைசன்ஸ் இருக்கிறது, அதில் கூடுதல் பாரம் ஓட்டலாம்."

பிறகு சொன்னார்: "நாங்களும் நோர்வேக்குத்தான் போக இருந்தோம். எல்லாம் அடுக்கி வைத்திருந்தோம். நான் ஓட்டுகிறேன். முன்னால் மூன்று பேர் இருக்கலாம்."

இவர் என் பக்கம் திரும்பித் தமிழில், "முன்பின் தெரியாத மனிசி. எப்பிடியப்பா ஓம் எண்டுறது?" என்றார்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

அடுத்த கோடையில் போனோம். அந்தப் பெண்மணி ஓட்ட, நான் நடுவில், இவர் ஜன்னலோரம். டென்மார்க் முழுவதும் மழை. இவர் திரவம் மாற்றும் நேரம் வந்தால் அந்த அம்மா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிவிடுவார். கேம்பருக்குள் கூப்பிட்டால், தன் ஈரம் உள்ளே வரக்கூடாதாம். முன் இருக்கையில் இருக்கச் சொன்னாலும் கேட்கமாட்டார். குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடப்பார். இவர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக் கூனிக் குறுகிப்போவார்.

மச்சாள் சக்கர நாற்காலியில் வாசலுக்கே வந்துவிட்டார். அழவில்லை. இவர் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு கையால் தடவிப் பார்த்தார். மற்றக் கை வேலை செய்யாது. பிறகு கேம்பரைக் காட்டினார். அதற்குள் போகவேண்டுமாம். அந்த அம்மாவும் நானுமாகத் தூக்கி ஏற்றினோம். அண்ணனும் தங்கையும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, திரவம் இறங்கி முடியும்வரை உள்ளே இருந்தார்கள். இவருடைய குரல் மட்டும் விடாமல் கேட்டது. இடையில் ஒருமுறை இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு மச்சாளுக்குப் பேச்சுத் தேவைப்படவில்லை.

நாங்கள் நின்ற நாட்களெல்லாம் அப்படியே போயின. புறப்படும்போது மச்சாள் இவர் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவில்லை. இவராலும் இழுக்க முடியவில்லை. நான்தான் குனிந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். அந்த விரல்களின் பலம் இப்போதும் என் கையில் இருக்கிறது.

திரும்பும் வழியில் கடலோரமாக ஒரு திருப்பத்தில் அந்த அம்மா வண்டியை நிறுத்தி, தனியாகத் தண்ணீர்வரை நடந்துபோனார். வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து ஏறும்போது, "அவர் இந்த இடத்தில் காப்பி போட்டிருப்பார்" என்று மட்டும் சொன்னார். நான் கீழே இறங்கி, கேம்பருக்குள் போய்க் காப்பி போட்டேன். மூன்று பேரும் அங்கேயே நின்று குடித்தோம்.

அடுத்த வருடம் மச்சாள் போய்விட்டார். இவருக்கு அதன்பின் சிறுநீரகம் கிடைத்தது. இப்போது எங்கும் போகலாம், ஆனால் அவர் போக விரும்புகிற வீட்டில் தங்கை இல்லை. ஏக்கம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் வயலுக்குள் நின்ற எங்களைத் தேடி வந்த அந்தப் பெண்மணியை நினைக்கும்போதெல்லாம், ஏங்குகிற ஒருவரின் முகம் இன்னொரு ஏங்குகிறவருக்குத்தான் எவ்வளவு சுலபமாக அடையாளம் தெரிந்துவிடுகிறது என்று தோன்றுகிறது.