இழுப்பறையில் கிடந்த ரத்தப் பரிசோதனைத் தாள்

ஒரு மனிதரின் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பத்து மாதம் என் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தேன். முதல் மூன்று வாரம் தெரிந்தே வைத்தேன். மீதி மாதங்கள் மறந்தே போனேன். அதற்குள் அவருடைய இடது கண் போயிற்று.

அப்போது நான் ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பணியாளர் நிர்வாக அதிகாரி. ஆண்டுக்கொரு முறை மருத்துவமனை வேன் ஒன்று கேண்டீன் பக்கத்தில் வந்து நிற்கும். எடை, ரத்த அழுத்தம், ரத்தம், சிறுநீர் என்று எல்லாம் பார்ப்பார்கள். ஒரு வாரம் கழித்து எல்லோருடைய அறிக்கைகளும் ஒரே கட்டாக என் மேசைக்கு வரும். அவரவர் தாளை அவரவரிடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. எங்கள் வழக்கம் வேறு. ஏதாவது கோளாறு இருந்தால் மட்டும் ஆளைக் கூப்பிடுவோம். கூப்பிடாவிட்டால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் வாசல் காவலர் முதல் ஷிப்ட் இன்சார்ஜ் வரை அத்தனை பேரும் நம்பினார்கள்.

அந்த ஆண்டு கட்டைப் பிரித்ததும் என் தாளைத்தான் முதலில் தேடி எடுத்தேன். கொழுப்பு கொஞ்சம் கூடுதல். மறுநாளே மத்திகிரியில் காலை நடையைத் தொடங்கினேன். எனக்கு இப்போது எழுபத்தொன்று, இன்றும் நடக்கிறேன்.

அதே கட்டில் பிரஸ் ஷாப்காரர் ஒருவரின் தாளும் இருந்தது. சர்க்கரை மிக அதிகம், அழுத்தமும் அதிகம். கீழே மருத்துவர் சிவப்பு மையில், உடனே சிகிச்சை தொடங்க வேண்டும், கண்களையும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். தகட்டை அழுத்தி வடிக்கும் பெரிய பிரஸ்ஸில் புதிய டை, அதாவது அச்சு, மாட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று மூன்று வாரத்தில் போயாக வேண்டும். மருத்துவ விடுப்பில் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். தாளை இழுப்பறையில் போட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. நானாகவே செய்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கேண்டீன் வரிசையில் அவரே கேட்டார்.

"என்னங்க சார், நான் பாஸா, ஃபெயிலா?"

பின்னால் நின்றவர் முந்திக்கொண்டார்: "இவனுக்கென்ன சார், வீட்டுல மூணு வேளையும் களி. இரும்பத் தின்னாலும் செரிச்சிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "உனக்கென்னப்பா, கல்லு மாதிரி இருக்கே," என்றேன்.

அந்தப் பொய் செய்த வேலையைப் பிறகுதான் அறிந்தேன். இரவில் நாலைந்து முறை எழுந்து தண்ணீர் குடிக்கிறார், பாதம் எரிகிறது என்கிறார் என்று அவர் மனைவி அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்படி கூப்பிட்டிருக்கிறார். ஒருமுறை அல்ல, பல முறை. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: "கம்பெனி டெஸ்ட்லயே பாஸுன்னு பெரிய சாரே சொல்லிட்டாரு. நீ என்ன டாக்டரா?" பரிசோதனையே நடக்காமல் இருந்திருந்தால் அவர் மனைவியின் பேச்சைக் கேட்டிருப்பார்.

ஒரு மதியம் இயந்திரத்தின் முன் நின்றபடியே, கண்ணுக்குள் ஒட்டடை தொங்குகிறது என்று சொல்லியிருக்கிறார். உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. பெங்களூரில் சிகிச்சை செய்து வலது கண்ணில் பாதிப் பார்வையைக் காப்பாற்றினார்கள். அவர் வேலையை விட்டுத் தன் ஊரான பாகலூருக்குப் போனார். தலையெழுத்து என்று சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் கைகூப்பி விடைபெற்றுப் போனார். அன்று மாலை இழுப்பறையைத் திறந்தபோதுதான் அந்தத் தாள் கையில் பட்டது. அதைப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஓய்வு பெறும்வரை வாய் திறக்கவில்லை.

ஓய்வு பெற்ற அடுத்த வாரம் பாகலூர் பேருந்தில் ஏறினேன். அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அவர் மனைவி ரோஜாப் பண்ணையில் பூப்பறிக்கும் வேலைக்குப் போகிறவர். கையெல்லாம் முள் கீறல். நடந்ததை ஒன்றும் குறைக்காமல் சொன்னேன்.

மனைவிதான் கேட்டார். "அந்தப் பேப்பரு இப்ப எங்கே?"

எடுத்துக் கொடுத்தேன்.

"எனக்குப் படிக்க வராது. நீங்களே படிங்க. சத்தமா."

படித்தேன். சிவப்பு மை வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு தெலுங்கில் கணவரிடம் ஏதோ சொல்லி அழுதார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"அத விடுங்க சார்," என்றார் கணவர். "கண்ணு திரும்பி வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

என்னால் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இவருக்கு நீங்க இனிமே ஒண்ணும் செய்ய முடியாது. எங்க பண்ணையில அறுபது பொம்பளைங்க இருக்கோம். ஒருத்தியும் ஊசி குத்திப் பார்த்தது கிடையாது. அவங்களுக்குச் செய்யுங்க. பேப்பர மட்டும் பொட்டியில வச்சிக்காதீங்க."

சுகாதார நிலையத்துக்கு நடையாய் நடந்தேன். பண்ணை மேலாளரிடம் பேசி, வேலை தொடங்கும் முன் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினேன். செவிலியர் வந்து ரத்தமும் அழுத்தமும் பார்த்தார். தாளை வீடு வீடாகக் கொண்டுபோய், அவரவர் சம்மதத்தோடு படித்துக் காட்டி, அவரவர் கையிலேயே கொடுப்பது என் வேலை. எல்லாம் சரியாக இருந்தாலும் போய்ச் சொல்வேன். "நல்லாத்தான் இருக்குன்னா எதுக்கு சார் இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று சிலர் சிரித்தார்கள். அதற்காகத்தான் வந்தேன் என்பேன். ரத்தம் எடுப்பதோடு பரிசோதனை முடிவதில்லை. உரியவர் காதில் விழும்போதுதான் முடிகிறது. இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

முதல் சுற்றிலேயே ஒன்பது பேருக்குச் சர்க்கரையோ அழுத்தமோ இருந்தது. ஒன்பது பேரும் அதுவரை நன்றாக இருப்பதாக நினைத்தவர்கள். அவர்களில் ஒருவர், பிரஸ் ஷாப்காரரின் மனைவி. அழுத்தம் மிக அதிகம்.

சுகாதார நிலைய வாசலில் நின்று அந்தத் தாளைப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு இரண்டாவது கெட்ட செய்தியோடு எப்படிப் போவது? நாளை போகலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணத்தை எனக்கு நன்றாகவே தெரியும். உடனே ஆட்டோவில் ஏறினேன்.

மனைவி அப்போதுதான் பண்ணை வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். படித்தேன். மாத்திரை சாப்பிட்டால் கட்டுக்குள் வரும், நாளை காலையே செவிலியரைப் பார்க்க வேண்டும் என்றேன். தலையாட்டினார்.

கட்டிலில் இருந்த கணவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "டெஸ்ட்டு எப்ப சார் எடுத்தாங்க?"

"இன்னிக்குக் காலையில."

கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு மனைவியிடம், "சாருக்கு டீ போடு," என்றார்.

முதல் தடவை வந்தபோது அந்த வீட்டில் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மன்னித்தேன் என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. மனைவி மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறார், பண்ணைக்கும் போய்வருகிறார். மாதம் ஒருமுறை நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது, அழுத்தம் அளந்த தாளை என்னிடம் நீட்டுவார். நான் சத்தமாகப் படிப்பேன். எண் குறைந்திருந்தால், "பாஸா சார்?" என்று கட்டிலிலிருந்து அவர் கேட்பார்.