நாங்கள் வைத்த சுன்னத்துக் கலியாணம்

எங்கள் மகனுக்குப் பல் முளைக்கும் முன்பே உடம்பில் நீலம் நீலமாகக் கன்றத் தொடங்கியது. தவழ்ந்தால் முழங்காலில், தூக்கினால் அக்குளில், யாராவது கொஞ்சிக் கன்னத்தைக் கிள்ளினால் அங்கே. பார்த்தவர்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "புள்ளக்கி அடிக்கிறியா நீ?" என்று மாமியார் ஒருநாள் கேட்டே விட்டார். எனக்கு வாய் நீளம் என்பது மாத்தளையில் எங்கள் தெருவுக்கே தெரியும். அன்று அந்த வாய் எங்கே போனதென்று தெரியவில்லை.

என் கணவர் செத்தல் மிளகாயும் வெங்காயமும் வாங்கி விற்பவர். கலேவெல சந்தைக்குப் போகிற லொறியில் எங்களையும் ஏற்றிக்கொண்டு, யார் எந்த வைத்தியரைச் சொன்னாலும் அந்த வாசலில் இறக்குவார். பல்லேபொலவில் ஒரு சிங்கள வெதமாத்தயா இலை அரைத்து வைத்துக் கட்டினார். துணி இறுக்கி அந்த இடமே கறுத்துப் போனது. ஓதி ஊதின தண்ணீர் கொடுத்தோம். தாயத்துக் கட்டினோம். கண்ணூறு என்றார் ஒருவர், கெட்ட காற்று என்றார் இன்னொருவர். நடக்கத் தொடங்கிய பிறகு முழங்கால் பலாப்பிஞ்சு மாதிரி வீங்கிவிடும். வலி தாங்காமல் கத்துவான். வீக்கம் தானாக வற்றினால் கடைசியாகப் பார்த்த வைத்தியரைப் புகழ்வோம். மறுபடி வீங்கினால் அடுத்தவரைத் தேடிப் போவோம்.

கடைசியில் கண்டி ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர்தான் பிள்ளையை விட்டுவிட்டு என்னிடம் கேள்வி கேட்டார். "அம்மா, உங்கட பக்கத்தில ஆருக்கும் இப்பிடி ரத்தம் நிக்காமல் போனதோ? உங்கட சகோதரம், மாமன்மார் ஆரும்?"

என் தம்பி ஒருவன் சுன்னத்து வைத்த மறுநாள் மவுத்தாகிப் போனான். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கணவர் வீட்டாருக்குக் காய்ச்சலில் போனான் என்றுதான் சொல்லியிருந்தோம். இப்போது கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உண்மையைச் சொன்னேன். டொக்டர் தலையாட்டினார். இந்த நோய் தாய் வழியில் வருகிற வருத்தம், பெண்கள் சுமப்பார்கள், ஆண் பிள்ளைகளில்தான் வெளியே காட்டும் என்றார். ரத்தத்தை உறையவைக்கிற ஏதோ ஒன்று இவனுடைய ரத்தத்தில் குறைவாம். சுகமாக்க மருந்தில்லை. ரத்தம் நிற்காமல் போனால் உடனே கொண்டுவந்து, வேறு ஆட்களின் புது ரத்தத்தை ஏற்ற வேண்டும். "ஓரிடத்திலயும் வெட்டப்படாது. விளங்குதோ?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் யார், எதை வெட்டுவோம் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நானும் திருப்பிக் கோபித்திருப்பேன். அக்குறணை தாண்டிய பிறகு, "ஒனக்குத் தெரியாமத்தானே வந்த" என்றார். அதுதான் என்னைக் கொன்றது. வருத்தம் தெரியாமல் வந்ததுதான். தம்பியின் மவுத்தை மறைத்தது தெரிந்துதானே?

அதற்குப் பிறகு நாங்கள் வருத்தத்தைவிட்டு வெட்கத்துக்கு மருந்து தேடத் தொடங்கினோம். மகனுடைய வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சுன்னத்து முடிந்துவிட்டது. "எப்ப ஒங்கட மகனுக்கு?" என்று கலியாண வீட்டிலும் கேட்டார்கள், மையத்து வீட்டிலும் கேட்டார்கள். எங்கள் மூத்த மகள் பெரியவளாகியிருந்தாள். அவளுடைய தம்பிக்கு இப்படி ஒரு வருத்தம், அதுவும் பெண்கள் வழியாக வருவது என்று தெரிந்தால் அவளைப் பெண் கேட்டு யார் வருவார்கள்? பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஸ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம் என்று நானே சொன்னேன். கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பிறகு நானே தடுத்தேன். யாரிடமும் கேட்காமல் இருவரும் முடிவெடுத்தோம். சுன்னத்து வைப்பதில்லை, சுன்னத்துக் கலியாணம் மட்டும் வைப்பது.

சுன்னத்துச் செய்கிறவரை எங்களில் ஒஸ்தா என்போம். எங்கள் ஊர் ஒஸ்தாவை விட்டுவிட்டு, குருநாகல் பக்கத்திலிருந்து முகம் தெரியாத ஒருவரைக் கணவர் கூட்டிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் எழுந்து போகப் பார்த்தார். பிறகு பிள்ளையின் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "பாவமெண்டா அது ஒங்கட கழுத்துல" என்றார்.

மகனை மடியில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தேன்.

"பட்டாசு வெடிக்கக்கொள நல்லா அழணும், மகன்."

"நோகுமா உம்மா?"

"நோகாது."

"அப்ப ஏன் அழணும்?"

அவன் வாயில் விரலை வைத்தேன். "யாருக்கும் செல்லக்கூடாது" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளைச் சாரனும் தொப்பியும் உடுத்தி உள்ளே கூட்டிப் போனார்கள். கதவைச் சாத்தியதும் வாசலில் பட்டாசைக் கொளுத்தினார்கள். பிள்ளைகளின் அலறல் வெளியே கேட்காமலிருக்கத்தான் அந்த வழக்கம். எங்கள் மகன் பட்டாசுக்கே பயந்து உண்மையாக அலறினான். அடுப்படியில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாமியாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. அவர் பேரன் ஆளாகிவிட்டான் என்று வந்தவர்கள் கையையெல்லாம் பிடித்துக்கொண்டு அழுதார். பந்தலில் ஆட்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து, சஹன் என்கிற ஒரே பெரிய தட்டில் கைவைத்து, ஆட்டிறைச்சியும் சோறும் சாப்பிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் அந்தச் சோற்றை ஊருக்கே பரிமாறினோம்.

பிறகு சுன்னத்து வைத்த பிள்ளை மாதிரியே நாட்கணக்காக அவன் பாயில் கிடந்தான். சாரன் உடம்பில் படாமலிருக்க அதைக் கூரையிலிருந்து கயிற்றில் தூக்கிக் கட்டியிருந்தோம். எழுந்து நடந்தபோது மற்றப் பிள்ளைகளைப் பார்த்திருந்த நினைப்பில் காலை அகட்டி அகட்டி நடந்தான். நாங்கள் சொல்லிக் கொடுக்காதது அது. கதவைச் சாத்திக்கொண்டு நானும் கணவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அவனுக்கு எட்டு வயது நடக்கும்போது கடைவாயில் ஒரு பால் பல் ஆடி விழுந்தது. ரத்தம் நிற்கவில்லை. பஞ்சை வைத்தோம், கடிக்கச் சொன்னோம். தலையணை நனைந்ததும் கண்டிக்கு ஓடினோம். இருந்த ரத்தத்தை ஏற்றினார்கள். போதவில்லை. பிள்ளையின் உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "இவனுக்குப் புது ரத்தம் வேணும். நிறையப் பேரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, பொருந்துறதைப் பாத்து எடுப்பம். சுணங்கினால் தப்பாது" என்றார் டொக்டர்.

அன்று வெள்ளிக்கிழமை. கணவர் மாத்தளைக்கு ஓடி, ஜும்ஆ முடிந்த கையோடு பள்ளிவாசலில் எழுந்து நின்றிருக்கிறார். கொய்யா மரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று சொல்வதாகத்தான் நினைத்துப் போனாராம். "உழுந்துட்டான்" என்பது வரைக்கும் சொல்லியும்விட்டாராம். "உழுந்ததுக்கு இவ்வளவு பேர்ட ரத்தமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டதும், பள்ளிக்குள் நின்று அடுத்த பொய்யைச் சொல்ல நாக்கு வரவில்லையாம். வருத்தம், என் தம்பி, ஒஸ்தா, சஹன் சோறு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நான் அங்கே இல்லாததற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். நன்றி சொன்னதற்காக மறுபடி வெட்கப்பட்டேன்.

லொறி நிறைய வந்து இறங்கினார்கள். எங்கள் பந்தலில் சாப்பிட்ட அதே முகங்கள். வார்டு வாசலில் நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். யாராவது ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். ஒருவரும் ஏசவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவர் ஹஸ்ரத். கணவரிடம் தாழ்ந்த குரலில்தான் பேசினார், ஆனால் எனக்குக் கேட்டது.

"அன்னக்கி ஒரு வார்த்த என்னட்ட கேட்டீந்தா செல்லீப்பேனே. உசிருக்கு ஆபத்தெண்டா சுன்னத்து கடமையில்ல. நம்மட மார்க்கம் அவ்வளவு கஷ்டமா?"

ஒரு வார்த்தை. அதைக் கேட்கத்தான் எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

பொழுது சாயும்போது மகனின் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. ரத்தம் கொடுத்தவர்கள் இரண்டு மூன்று பேராகக் கட்டிலருகே வந்து பார்த்தார்கள். அவர்களைக் கண்டதும் பிள்ளை இரண்டு கையாலும் போர்வையை இழுத்து இடுப்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டான். ஊசி குத்தியிருந்த கையாலும் பிடித்தான். நர்ஸ் வந்து விடுவிக்கப் பார்த்தும் விடவில்லை. அவர்கள் போன பிறகு என்னைக் கிட்ட வரச் சொன்னான். வாயில் பஞ்சு வைத்திருந்ததால் பேச்சுக் குழறியது.

"நான் ஒருத்தருக்கும் செல்லல்ல உம்மா."

சாவின் வாசலில் கிடந்தும் அந்தப் பிள்ளை எங்கள் பொய்யைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"வாப்பா எல்லாருக்கும் செல்லிட்டாரு, மகன்" என்றேன்.

போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

"அப்ப இனி எனக்கு மத்தப் பொடியன்மாரோட ஆத்துல குளிக்க ஏலுமா?"

"ஏலும்" என்றேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.