மானாம்பதியில் நின்ற கார்

தை மாசத்துப் பனியில் ரோடு தெரியவில்லை என்று மானாம்பதி டீக்கடையில் நிற்கிறோம். டீ குடித்துவிட்டு வந்தால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து ஊரான பெருநகரில் ஏழு மணிக்கு என் தங்கை பேரனுக்கு முகூர்த்தம். தாலி என் மடியில் இருக்கிறது.

"குளுருக்குப் பேட்டரி செத்துப்போச்சும்மா" என்கிறான் என் மகன். போன வாரம் வாங்கிய புது பேட்டரி எப்படிச் சாகும்?

எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் பாய், யாரும் கூப்பிடாமலே வந்து பானட்டைத் திறக்கச் சொல்கிறார். எனக்குச் சந்தேகம். புதுசை எடுத்துக்கொண்டு பழசை மாட்டிவிட்டால்? தாலிப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பக்கத்திலேயே நிற்கிறேன்.

"இன்னா ஆயா, போலீஸாட்டம் பாத்துக்கினு கீற?"

"என் பொருளு, பாக்கறேன். உனக்கு இன்னா?"

சிரித்துக்கொண்டே ஒயரைக் கழற்றுகிறார். ஒயர் மாட்டும் குமிழில் மஞ்சளாய் ஏதோ காய்ந்து அப்பியிருக்கிறது. சுரண்டி முகர்கிறார்.

"சந்தனம்! ஈரமா கீறவரைக்கும் ஓடும், இப்டிக் காஞ்சி நடுவுல நின்னுக்கினா கரண்டு எப்டிப் போவும்? யாரு வெச்சது?"

மகன் என்னைப் பார்க்கிறான். புது பேட்டரியை மாட்டுவதற்கு முன் இரண்டு குமிழிலும் சந்தனம் அப்பிப் பொட்டு வைத்தது நான்தான். நான் பனியைப் பார்க்கிறேன்.

பாய் உப்புத்தாளால் தேய்த்து மாட்டியதும் ஒரே திருப்பில் கார் உறுமுகிறது.

ஏறப்போனவள் நின்று, இடுப்பிலிருந்து பையை எடுத்துத் தாலியை அவர் முன்னே நீட்டுகிறேன்.

"கையத் தொடச்சிக்கினு, தொட்டு வாழ்த்திட்டுப் போ பாய்."