வால்வில் வைத்த குங்குமம்

1. முதல் ஓட்டம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஷெட்டிலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் ஓடியவன் நான். இதைக் கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறது. ஏனென்றால் அன்று என்னோடு வேறு யாரும் ஓடவில்லை. ஆகவே முதல் பரிசு எனக்குத்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனி. ஒரு ஷெட், ஒரு ஆபீஸ் அறை, ஒரு கேன்டீன், அவ்வளவுதான். உலோகப் பாகங்களுக்கு டங்ஸ்டன் கோட்டிங் போடுவது எங்கள் தொழில். தாம்பரத்தில் ரயிலேறிப் போய் வருவேன். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்திருந்தேன். அதாவது, எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்று முழுதாகத் தெரியும். பயந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது.

ஷெட்டின் ஓரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்த இரும்பு அலமாரி. அதற்குள் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரே ஒரு சிலிண்டர். உள்ளே டங்ஸ்டன் ஹெக்ஸாபுளோரைடு.

டங்ஸ்டன் எப்பேர்ப்பட்ட ஆசாமி என்று குண்டு பல்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இழை வெள்ளையாய்ச் சுடரும், உருகாது. உலோகங்களிலேயே உருக்குவதற்கு அதுதான் கடினம். அப்படிப்பட்டவனை ஆறு புளோரின் அணுக்கள் சுற்றிப் பிடித்துத் தூக்கினால், குழாய்க்குள் காற்றாய் ஓடுகிறான்! பதினேழு டிகிரிக்கு மேல் வாயு. சாதாரணக் காற்றைவிடப் பத்து மடங்கு கனம். கூடவே வந்த குறிப்பில், குளிர்ந்த இடமாக இருந்தால் சிலிண்டரை மெல்லச் சூடாக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து அதைப் படித்துச் சிரித்தோம்.

சூடான ரியாக்டருக்குள் ஹைட்ரஜனோடு சேர்த்து அதை விட்டால், புளோரின் டங்ஸ்டனைக் கைகழுவிவிட்டு ஹைட்ரஜனோடு போய்விடும். டங்ஸ்டன் தன் சொந்த உருவத்தில் பாகத்தின் மேல் படியும். உருக்கவே முடியாத உலோகத்தை உருக்காமலேயே பூசிவிடுகிறோம். இத்தனை வருஷம் ஆகியும் இதை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது.

ஒரே கெட்ட குணம், ஈரம் பட்டால் ஆகாது. காற்றில் உள்ள ஈரமே போதும், உடனே ஹைட்ரஜன் புளோரைடு என்ற அமில வாயுவைக் கக்கும். அது கண்ணாடியை அரிக்கும். மூச்சில் போனால் நுரையீரல், தோலில் பட்டால் எலும்பு வரைக்கும். சென்னையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சம் வந்ததில்லை.

முதலாளி வரதராஜன் சார் இதையெல்லாம் விளக்கி முடிக்கும்போது பின்னாலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அப்புறம் நான் ரோட்டில்தான் நின்றேன். டெக்னீஷியன் டேவிட் சைக்கிளில் தேடிக்கொண்டு வந்தான்.

"இன்னா சார், இங்க நின்னுகினு கீற? அது கேன்டீன் குக்கர் சார். பருப்பு வேவுது. ஏறு, ஏறு."

அன்றிலிருந்து டேவிட் எனக்கு வைத்த பெயர் 'எக்ஸ்பிரஸ்'. பெயரைக் காப்பாற்ற நானும் அயராது உழைத்தேன். கொசு மருந்துப் புகைக்கு ஓடினேன். லாரி டயரில் காற்று இறங்கியதற்கு ஓடினேன். ஒருமுறை நானே தும்மிவிட்டு நானே ஓடினேன்.

2. மஞ்சள்

முதலாளி தன் பங்கு நிலத்தை விற்றுத்தான் மெஷினெல்லாம் வாங்கியிருந்தார். பெங்களூரிலிருந்து ஒரு கஸ்டமர் டெமோ பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர் ஆர்டர் கொடுத்தால் கம்பெனி நிற்கும்.

"இந்த டெமோ சொதப்பினா ஷெட்டைக் குடோனுக்கு வாடகைக்கு விட்டுருவேன்ப்பா. அதுக்கப்புறம் நீ எங்க வேணா ஓடலாம்" என்றார் முதலாளி.

டெமோவுக்குச் சில நாள் முன்னால் ஆயுத பூஜை வந்தது. அக்கவுன்ட்ஸ் பார்க்கும் வசந்தா அக்கா தராசு, பம்ப், டைப்ரைட்டர் என்று நகராமல் நின்ற அத்தனைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். நானும் நகராமல் நின்றதால் எனக்கும் வைத்தார். சிலிண்டருக்கு வயிற்றில் ஒரு பொட்டு, தலையில் வால்வின் மேல் ஒரு பொட்டு. கடைக் குங்குமம் நெற்றியை அரிக்கிறது என்று அக்கா வீட்டிலேயே மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்வார்.

அதற்குப் பிறகு தினமும் வால்வைக் கொஞ்சம் திறந்து சின்னச் சின்ன ட்ரையல் பார்த்தோம். எல்லாம் சரியாகவே ஓடியது.

டெமோ அன்று காலை நல்ல மழை. கஸ்டமர் ஆபீஸ் அறையில் முதலாளியோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். சிலிண்டருக்குப் பூ வைக்க வந்த அக்கா அலமாரிக்கு முன்னால் நின்று கத்தினார்.

"டேவிட்டு! என் குங்குமத்தைக் கலைச்சிட்டு யாருடா இதுல மஞ்சள் வெச்சது?"

"அட போக்கா! ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவன் நானு. உன் பொட்டுல கை வெச்சு எனுக்கு இன்னா ஆவப்போவுது? எக்ஸ்பிரஸ் சாரக் கேளு."

நான் எட்டிப் பார்த்தேன். வயிற்றுப் பொட்டு சிவப்பாகவே இருந்தது. வால்வுப் பொட்டில் ஒரு பாதி சிவப்பு. கிளாண்ட் நட்டைப் பார்த்திருந்த மறுபாதி பளிச்சென்று மஞ்சள்.

வால்வின் தண்டு வெளியே வரும் இடத்தை இறுக்கிப் பிடித்திருப்பதுதான் கிளாண்ட் நட். மஞ்சளைச் சிவப்பாக்கி வைத்திருப்பது சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பை அமிலம் தின்றுவிட்டால் மிச்சம் வெறும் மஞ்சள்தான். ஒவ்வொரு ட்ரையலிலும் வால்வைத் திறந்தபோதெல்லாம் அந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் இழுத்துக்கொண்டதால் எந்த மூக்குக்கும் தெரியவில்லை. இப்போது டெமோவுக்கு வால்வை முழுசாகத் திறக்கப் போகிறோம். திறக்கப் போகிறவன் டேவிட்.

கால் இரண்டும் பழக்க தோஷத்தில் ரோட்டுப் பக்கம் திரும்பின. அவற்றைச் சமாதானப்படுத்தி ஆபீஸ் அறைக்கு ஓட்டினேன்.

"சார், வால்வைத் திறக்க வேணாம் சார்!"

முதலாளி கஸ்டமரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பல்லைக் கடித்தார். "இன்னிக்கு என்னப்பா? குக்கரா, கொசு மருந்தா?"

"குங்குமம் மஞ்சளாயிடுச்சு சார்."

சொல்லும்போதே என் காதுக்கே அது வேப்பிலை அடிக்க வேண்டிய கேஸாகக் கேட்டது. கஸ்டமர் டீ கப்பைக் கீழே வைத்துவிட்டார்.

பேசிப் பிரயோஜனமில்லை. அக்காவின் குங்குமச் சிமிழை வாங்கி, டீ சாஸரில் கொஞ்சம் கொட்டினேன். கஸ்டமருக்கு ஜூஸ் போட வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். சிவப்பு எங்கள் கண்ணெதிரே மஞ்சளானது.

"ஆசிட் பட்டா இப்படி ஆகும் சார். வால்வுக்குப் பக்கத்துல யாரும் எலுமிச்சம்பழம் பிழியல."

முதலாளியின் சிரிப்பு நின்றது. "டேவிட், மாஸ்க் போடு" என்றார்.

டேவிட் மாஸ்க், கையுறை, ஏப்ரன் எல்லாம் மாட்டினான். வால்வைக் கால் சுற்று மட்டும் திறந்து, அமோனியாவில் நனைத்த பஞ்சைக் குச்சியில் சுற்றி நட்டின் பக்கம் நீட்டினான். ஊதுபத்தி கொளுத்தினாற்போல ஒரு வெள்ளைப் புகை இழை, நட்டின் ஓரத்திலிருந்து எழுந்தது. அமிலம் இருந்தால்தான் அமோனியா இப்படிப் புகையும். சந்தேகமே இல்லை. லீக்.

வால்வை மூடி, நட்டைப் பதமாக இறுக்கி, மறுபடி திறந்து பஞ்சை நீட்டினான். புகை இல்லை. பொட்டு வைத்த இடத்தில் பஞ்சைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பார்த்தான். இல்லவே இல்லை. மாஸ்க்கைக் கழற்றிய பிறகு, "எக்ஸ்பிரஸ் சார், இன்னிக்குத்தான் கரெக்டான ஸ்டேஷன்ல நின்ன" என்றான்.

டெமோ சாப்பாட்டு வேளை தாண்டித்தான் முடிந்தது. ரியாக்டர் ஆறியதும் டங்ஸ்டன் பூச்சோடு வெளியே வந்த மாதிரிக் கம்பி, மேகம் கலைந்த வானத்தில் எஞ்சியிருக்கும் சாம்பல் ஒளியை ஒத்திருந்தது. கஸ்டமர் அரத்தை வாங்கி ராவிப் பார்த்தார். அரம் வழுக்கிக்கொண்டு போயிற்று. காலையில் இது காற்றாக இருந்தது என்றால் யார் நம்புவார்கள்?

கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் முதலாளியிடம் கேட்டார்: "காலையில பார்த்தேனே, அந்த லீக் டிடெக்டர். அது என்ன மேக்?"

முதலாளி கண்ணைச் சிமிட்டவே இல்லை. "லோக்கல் மேக் சார். எங்க அக்கவுன்டன்ட் வீட்டுத் தயாரிப்பு."

கஸ்டமர் முதல்முறையாகச் சிரித்தார். ஆர்டர் வந்தது. ஷெட் குடோனாகவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் பொட்டு வைப்பது வசந்தா அக்காவின் அதிகாரபூர்வ வேலையானது.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். பயப்படுங்கள், தாராளமாகப் பயப்படுங்கள். ஆனால் ஓடுமுன் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். சத்தத்துக்கெல்லாம் ஓடிய எனக்கு, நிஜமான ஆபத்து சத்தமே போடாமல் ஒரு பொட்டின் பாதியில்தான் வந்து நின்றது. கடையில் விற்கும் சாயக் குங்குமம் நிறம் மாறாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பல கம்பெனி மாறினேன். நல்ல மின்னணு டிடெக்டர்களெல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் என் பையில் வீட்டுக் குங்குமம் ஒரு டப்பா எப்போதும் இருக்கும். புதுச் சிலிண்டரைக் கண்டால் முதலில் பொட்டு வைப்பேன். என் பக்தியைப் பற்றி என் மாமியாருக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம். நான் அதைக் கெடுக்கவில்லை.