சலூனுக்குப் புது முதலாளி

காஜா பெராங் வட்டாரத்தில் சலூன் நடத்தும் சரசு அக்கா, இன்று எங்கள் கம்பெனி ஆப்பில் தன் கடையைப் பதிவு செய்தார். புதியவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. ஆனால் நான் உதவி செய்யக் கூடாது.

"முதலாளியின் படத்தைச் சேர்க்கவும்" என்றது ஆப்.

"இருமா, சேல மாத்திட்டு வந்துர்றேன்," என்று அக்கா உள்ளே போய்விட்டார்.

பாதித் தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் அக்காவின் போனை எடுத்தார். "நான் முடிச்சிடுறேன் லா. அப்பதான் மிச்சத் தலைக்குச் சாயம் கெடைக்கும்."

முதலாளி என்ற இடத்தில் தன் பெயரையே போட்டார். தன்னையே படம் எடுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

பட்டுச் சேலையில் திரும்பிய அக்கா திரையைப் பார்த்தார். "கட இப்ப இவங்களுதா? நல்லதுதான். நாளைக்கு இவங்களே வந்து தொறக்கட்டும்."

அறிக்கையில் 'பதிவு வெற்றி' என்று எழுதட்டுமா, 'கடை கைமாறியது' என்று எழுதட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.