பால் சாப்பாட்டுக் கணக்கில் வராது

பிள்ளைகளே, எல்லாருக்கும் காபி கலக்கும்போது எனக்கு மட்டும் ஏன் அம்மா பால் விடாமல் தருகிறாள் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். "அப்பாவுக்குப் பால் ஒத்துக்காது" என்று அவள் ஒரே வரியில் முடித்துவிடுகிறாள். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அதைத்தான் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது பெரியவன் ஒன்றாம் வகுப்பு. சின்னவளுக்குப் பேச்சு நன்றாக வந்துவிட்டது, பள்ளிக்கூடம் போகவில்லை. நாம் இதே வேலப்பன்சாவடி வீட்டில்தான் இருந்தோம். நான் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டினேன். காலையில் பூந்தமல்லியில் கொஞ்சம் பேர், ஆவடியில் கொஞ்சம் பேர், பிறகு நேரே அம்பத்தூர் எஸ்டேட்.

வலி பெரும்பாலும் வண்டியில்தான் வரும். முதலில் வயிறு உப்பும். பிறகு தொப்புளைச் சுற்றித் துணி பிழிவதுபோல முறுக்கும். அதற்குப் பிறகு தாங்காது, உடனே கழிவறைக்குப் போயாக வேண்டும். வழியில் இருக்கிற பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடுவேன். வண்டியில் இருப்பவர்கள் முதலில் பாவம் என்றார்கள். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். பின்சீட்டில் உட்காரும் ஒரு தம்பி, "அண்ணே, இந்த பங்க்ல டீசல் போடறது வண்டிக்கா, உங்களுக்கா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஆட்கள் ஷிப்டுக்குத் தாமதமாக இறங்குவது வேன் முதலாளி காதுக்குப் போய்விட்டது. அவர் கோபமாகப் பேசுகிற ஆள் இல்லை. "ஒடம்ப சரி பண்ணிக்கினு வாப்பா. அடுத்த மாசமும் இப்டியே போச்சுன்னா வேற ஆளப் போட வேண்டியதுதான். தப்பா நெனச்சுக்காத" என்றார். எனக்கு வேறு தொழில் தெரியாது. ஸ்டியரிங்கை விட்டால் நம் வீடு எப்படி நடக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

டாக்டர்களைப் பார்க்காமல் இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டுக்கூடப் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். அவர்கள் நார்மல் என்று சொல்லச் சொல்ல என் பயம்தான் வளர்ந்தது. ஒன்றும் இல்லையென்றால் வலிக்கிறது எது?

தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே தீர்ப்பாக அல்சர் என்றார்கள். நேரத்துக்குச் சாப்பிடாத டிரைவர் வயிறு புண்ணாகத்தானே இருக்கும். அதற்கு மருந்தும் அவர்களே சொன்னார்கள்: ஆறவைத்த பால். வலி வரும்போதெல்லாம் ஒரு டம்ளர். நானும் குடித்தேன். குடித்த உடனே நெஞ்சுக்குள் குளுகுளுவென்றுதான் இருக்கும்.

பாலுக்கு நம் வீட்டில் பஞ்சம் கிடையாது. நூம்பலில் இருக்கும் உங்கள் மாமா, அவன் அக்கா, அதாவது உங்கள் அம்மா, கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து தினமும் தூக்குச்சட்டியில் பால் கொண்டுவருகிறான். சுற்றிலும் அடுக்குமாடி வந்துவிட்ட பிறகும் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக ஒரு மாட்டைக் கட்டி வைத்திருக்கிறான். எனக்கு வயிற்று வலி என்றதும் தூக்கை மாற்றிப் பெரிய தூக்காகக் கொண்டுவர ஆரம்பித்தான்.

கடைசியில் பூந்தமல்லியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன சாப்பிடுவேன் என்று கேட்டார். இட்லி, சாம்பார், காரக்குழம்பு, கீரை, முட்டை, ஞாயிற்றுக்கிழமை கறி என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. வலி எப்போது ரொம்ப அதிகம் என்று கேட்டார்.

"கிருத்திகை அன்னிக்கு மேடம். அன்னிக்கு விரதம், ஒண்ணுமே சாப்பிட மாட்டேன்" என்றேன். வெறும் வயிறுதான் புண்ணைக் கிளப்பிவிடுகிறது என்று எல்லாரும் சொன்னதையும் சொன்னேன்.

"ஒண்ணுமேன்னா? தண்ணி கூடவா?"

"தண்ணி குடிப்பேன். பால், வாழப்பழம், அவ்ளோதான்."

"எவ்ளோ பால்?"

"பசிக்கிறப்பல்லாம் ஒரு டம்ளர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சாப்பிடறது எல்லாம் சொல்லுங்கன்னு கேட்டேனே. பால் சொல்லவே இல்லையே?"

"பால் சாப்பாடு இல்லையே மேடம்."

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னது பொய்யும் இல்லை. பால் குடித்தால் விரதம் கெடாது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம். விரதத்தைக் கெடுக்காத ஒன்று வயிற்றைக் கெடுக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். காலைக் காபி, ஸ்டாண்டில் டீ, எஸ்டேட் வாசலில் டீ, வலிக்குப் பால், படுக்கும் முன் பால். சொல்லச் சொல்ல எனக்கே வியப்பாக இருந்தது.

பாலில் இயற்கையாகவே ஒரு சர்க்கரை இருக்கிறதாம். வயசு ஏற ஏறச் சில பேர் குடலுக்கு அதைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடுமாம். செரிக்காதது உள்ளே பொங்கி, காற்றாகி, வலியாகிவிடும். "பயப்படற வியாதி இல்ல. ஆனா இதுதான்னு நான் இப்பவே சொல்லமாட்டேன். கொஞ்ச நாள் சுத்தமா நிறுத்திப் பாக்கணும். அப்புறம் திரும்பக் குடிச்சும் பாக்கணும். ரெண்டும் செஞ்சாத்தான் தெரியும்" என்றார்.

நிறுத்துவது எனக்குக் கஷ்டமாக இல்லை. மாமாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் வாசலில் நின்று சொன்னேன். அவன் தூக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் தண்ணி கலக்கறேன்னு டாக்டரம்மா சொல்லிச்சா மாமா?"

அப்படி இல்லை என்று அம்மாவும் நானும் மாறி மாறிச் சொன்னோம். அதற்குப் பிறகும் உங்களுக்காகப் பால் வந்தது. ஆனால் தூக்கைக் கேட்டில் மாட்டிவிட்டு, உள்ளே வந்து அக்கா கையால் ஒரு காபி குடிக்காமலே போய்விடுவான்.

கொஞ்ச நாளில் வயிறு அடங்கியது. ஒரு நாள் பங்க்கைத் தாண்டியதுகூடத் தெரியாமல் வண்டி ஓட்டிப் போய்விட்டேன். "அண்ணே, பங்க்குக்காரர் உங்களக் காணோம்னு தேடறாராம்" என்று பின்சீட்டுத் தம்பி சொன்ன பிறகுதான் தெரிந்தது. முதலாளியும் வேறு ஆள் பேச்சை எடுக்கவில்லை.

இதோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். சும்மா இருக்கிற வயிற்றை எதற்குக் கிளற வேண்டும்? டாக்டரம்மா விடவில்லை. குடித்துப் பார்க்காமல் விட்டால், நாளைக்கு வயிறு லேசாக வலித்தாலும் ஒவ்வொரு சாப்பாட்டின் மேலும் சந்தேகம் வரும் என்றார். மாமாவும் விடவில்லை, அவன் காரணம் வேறு. "டீக்கடப் பாலும் பாக்கெட் பாலும்தான் உன்னக் கெடுத்துது. நம்ம மாட்டுப் பாலக் குடிச்சுப் பாரு மாமா. ஒண்ணும் ஆவலன்னா அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லு."

லீவு நாள் பார்த்து, வெறும் வயிற்றில் குடிப்பதாக முடிவு. மாமா அப்போதுதான் கறந்த பாலைக் கொண்டுவந்தான். அம்மா காய்ச்சி ஆற்றித் தந்தாள். நான் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். எதிரில் மாமா. உங்களுக்கு இப்போது நினைவிருக்காது, பக்கத்தில் நீங்கள் இரண்டு பேரும் டிவி பார்ப்பதுபோல என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. மாமா முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது.

"இன்னா மாமா, எதுனா கீதா?"

"இல்ல மச்சான்."

அவன் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, "அக்கா, காபி போடு" என்றான். அப்போது சின்னவள் என் வயிற்றில் காதை வைத்து, "அப்பா வயித்துல வண்டி ஓடுது" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் முறுக்கு ஆரம்பித்துவிட்டது. நான் எழுந்து ஓடினேன்.

திரும்பி வந்தபோது மாமா தூக்கின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். "நம்ம மாட்டுப் பாலுகூடவா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"பால் நல்ல பால்தான் மச்சான். என் வவுறுதான் அதுக்குக் குடுத்து வைக்கல."

மூடியைத் தூக்கின் மேல் வைத்து அழுத்தினான். பிறகு, "அப்போ தண்ணி கலந்தே குடுத்துருக்கலாம் போல கீது. உனுக்கு பாதி வலியாச்சும் மிச்சமாயிருக்கும்" என்றான். அம்மா சிரித்த சிரிப்பில் காபிக்கு வைத்த பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அன்றைக்கு இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டுத்தான் போனான்.

பிறகு டாக்டரம்மா சொன்னபடி மோர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்த்தேன். அது ஒத்துக்கொண்டது. எல்லார் வயிற்று வலிக்கும் பால்தான் காரணம் என்று நீங்கள் நினைத்துவிட வேண்டாம். உங்களுக்கு எப்போதாவது இப்படி வந்தால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். அவர் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், சாப்பாடு என்று நீங்கள் நினைக்காததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதற்கு அடுத்து வந்த கிருத்திகையன்று நீங்கள் எழுந்திருக்கும் முன்பே குளித்துவிட்டேன். வழக்கம்போல முருகன் படத்துக்கு முன்னால் மாமா கொண்டுவந்த பாலையும் பழத்தையும் வைத்துக் கும்பிட்டேன். பிறகு அந்தப் பாலை உங்கள் காபிக்காக அடுப்படியில் மூடி வைத்தேன். பால் இருந்த டம்ளரைக் கழுவி, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு, அதே இடத்தில் வைத்துத் திரும்ப ஒரு தரம் கும்பிட்டேன். பழத்தைத் தின்று, அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.