மதுரை பஸ் நிற்கிற இடத்தில்

சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்துச் சண்முகத்தாயைப் பெண் பார்க்க எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. வெட்கம் என்று நினைத்துவிடாதீர்கள், அவள் அப்படி வெட்கப்படுகிற ஆளில்லை. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அண்ணி வந்து அவளுடைய கண்ணாடியைக் கழற்றி அடுப்படி அலமாரிக்குள் வைத்துவிடுவாள். சோடாபுட்டிக் கண்ணாடி. அது இல்லாவிட்டால் எதிரே உட்கார்ந்திருப்பது ஆளா, அரிசி மூட்டையா என்று அவளுக்குத் தெரியாது. ஒருமுறை மாப்பிள்ளை என்று நினைத்துத் தரகருக்கு முதல் காபியை நீட்டிவிட்டாள். அந்தச் சம்பந்தம் அன்றைக்கே போயிற்று.

மற்ற சம்பந்தங்கள் இரண்டு நாள் கழித்துப் போகும். யாராவது ஒரு புண்ணியவான், பெண் கண்ணாடி போடுகிற விஷயத்தைப் போய்ச் சொல்லிவிடுவார். படித்த பெண் கண்ணாடி போட்டால் டீச்சரம்மா என்பார்கள். பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறவள் போட்டால் அது குறை. நம் ஊர் நியாயம் அப்படி.

அவளுக்கு முப்பத்து மூன்று வயது ஆனபோது அம்மாவும் அப்பாவும் இல்லை. அண்ணன் அய்யாதுரை விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டியில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே குடும்பத்தோடு இருந்தான். வீட்டில் அவள் ஒருத்திதான். காலையில் பொங்குகிற சோறுதான் ராத்திரிக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை கம்பெனி வேனில் ஏறி முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கும். "சளியா?" என்று கேட்பார்கள். "ஆமா, சளிதான்" என்பாள்.

2004ஆம் வருஷம் பொங்கல் கழிந்து ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஜெயபாண்டி என்பவர் பெண் பார்க்க வந்தார். முதல் மனைவி இறந்து சில வருஷமாகிறது, பிள்ளைகள் இல்லை, கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறார். இவ்வளவுதான் தரகர் சொன்னது. அண்ணனும் அண்ணியும் விருதுநகரிலிருந்து வந்திருந்தார்கள். வழக்கம்போலக் கண்ணாடி அலமாரிக்குப் போனது. வழக்கம்போல இவள் கூடத்தில் வந்து நின்றாள். எல்லோரும் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு குரல் மட்டும், "அந்தப் பிள்ளைய உக்காரச் சொல்லுங்க. எம்புட்டு நேரந்தான் நிக்கும்?" என்றது.

இத்தனை வருஷத்தில் அவளை உட்காரச் சொன்னவர் ஒருவரும் இல்லை. சண்முகத்தாய் குனிந்த தலையை நிமிர்த்தி, குரல் வந்த திசையில் தெரிந்த வெள்ளைச் சட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் எழுந்து போகிறவரை அந்தப் பக்கமிருந்து பார்வையை எடுக்கவில்லை.

அவர்கள் போனதும் அண்ணன் கேட்டான். அவள் "சரி" என்றாள். அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"நல்லாப் பாத்துத்தான் சொல்லுதியா?"

"பாத்துத்தாண்ணே சொல்லுதேன்."

"ஒனக்குப் பெரிய மனசு தாயி" என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டாம் தாரமாகப் போவதைச் சொல்கிறாள் என்று சண்முகத்தாய் நினைத்துக்கொண்டாள். கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு, கண்ணாடியைக் கழற்றினால் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான் என்று. அண்ணனும் அண்ணியும் அந்த ரகம்.

இந்தச் சம்பந்தமும் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். மதுரையில் லேசர் வைத்துக் கண்ணைச் சரி செய்கிறார்களாம். கல்யாணத்துக்கு முன்னால் முடித்துவிட்டால் கண்ணாடி என்ற பேச்சே எழாது. அவனே அவளைக் கூட்டிப்போய்க் கண்ணைச் சோதிக்க வைத்தான். டாக்டரம்மா நல்ல மாதிரி. செய்யலாம், ஆனால் எல்லோருக்கும் முழுப்பார்வை வரும் என்று சொல்ல முடியாது, கண் வறட்சி வரலாம், யோசித்து முடிவெடுங்கள் என்றார். சிகிச்சைக்கு வருகிற அன்று கட்டாயம் கூட ஓர் ஆள் வர வேண்டும் என்றும் சொல்லி, நாள் குறித்துக் கொடுத்தார்.

சண்முகத்தாய் யோசித்தாள். விடிந்து கண் விழித்ததும் ஓட்டு முகடு தெளிவாகத் தெரிந்தால் எப்படி இருக்கும் என்று ஆசையாக இருந்தது. லேசர் பிசகினால் லேபிள் ஒட்டுவது எப்படி என்று பயமாகவும் இருந்தது. இது இரண்டையும்விட இன்னொன்று அவளை அரித்தது. உட்காரச் சொன்ன மனுஷனிடம் போய் இதை மறைப்பதா? ஆயுசு முழுக்க ஒரு பொய்யைக் கட்டிக் காப்பாற்ற முடியுமா? கடைசியில் அவளாக ஒரு முடிவுக்கு வந்தாள். கண்ணாடியோடு அவர் எதிரில் போய் நிற்பது. இருக்கட்டும் என்று அவர் சொன்னால் லேசர் வேண்டாம். முகத்தைச் சுளித்தால் அப்படியே மதுரைக்கு பஸ் ஏறிவிடுவது.

அதற்குத் தோதாக, அது வத்தல் சீசன், மண்டியை விட்டு நகர முடியாது என்று அண்ணன் கையை விரித்துவிட்டான். சண்முகத்தாய் டெலிபோன் பூத்துக்குப் போய் தரகரிடம் வாங்கிய ஏழாயிரம்பண்ணை நம்பரில் ஜெயபாண்டியிடம் பேசினாள்.

"மதுர கண்ணாஸ்பத்திரிக்குப் போகணும். தொணைக்கு ஆளில்ல. நீங்க வருவீகளா?"

"யாருக்குக் கண்ணு?"

"எனக்குத்தான்."

"வாரேன். சிவகாசி பஸ் ஸ்டாண்டுல மதுர பஸ் நிக்கிற எடத்துக்குக் காலையில வந்திரு" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. என்ன சட்டை போட்டு வருவீர்கள் என்று இவளுக்குக் கேட்க ஆசைதான். நன்றாகப் பார்த்துச் சம்மதம் சொன்னவள் அடையாளம் கேட்க முடியுமா?

டாக்டரம்மா குறித்த நாளில் சீக்கிரமே போய் பஸ் ஸ்டாண்டில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடியை நன்றாகத் துடைத்துப் போட்டிருந்தாள். வருகிற ஆண்களின் முகத்தையெல்லாம் பார்த்தாள். இவரா? சின்ன வயசு. அவரா? வெற்றிலைக் காவி, வேண்டாம். வெகுநாளைக்குப் பிறகு மனசு குதியாட்டம் போட்டது. அப்போது பக்கத்தில் யாரோ வந்து உட்கார, திரும்பினாள்.

இடது காதிலிருந்து தாடை வரை தோல் வெந்து சுருங்கி, கண்ணின் கீழ் இமை இழுபட்டுக் கிடந்தது. வெடிவிபத்தில் வெந்த முகம். இந்த ஊரில் பிறந்தவள் தீக்காயம் பார்க்காதவளா? அவள் கம்பெனியிலேயே இரண்டு பேர் உண்டு. ஆனாலும் அவ்வளவு பக்கத்தில், எதிர்பாராமல் பார்த்ததில் உடம்பு தானாக ஒதுங்கியது. பையை இழுத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டாள். அந்த மனிதர் எழுந்துபோய் பெஞ்சின் அந்த முனையில், நல்ல பக்கம் அவளுக்குத் தெரிகிற மாதிரித் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பழகிப்போயிருந்தது அவருக்கு.

ஒரு மதுரை பஸ் வந்து போனது. அவர் எழுந்து நின்று, ஏறுகிற பெண்களையெல்லாம் பார்த்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து இவளிடம் கேட்டார்.

"ஏம்மா, விஸ்வநத்தத்துப் பிள்ளை ஒண்ணு இங்கன வாரேன்னு சொல்லிச்சு. நீங்க முன்னாடியே வந்து இருக்கீகளே, யாரும் வந்து தேடுனாகளா?"

அன்றைக்கு உட்காரச் சொன்ன அதே குரல். சண்முகத்தாய் நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"அந்தப் பிள்ளை எப்பிடி இருக்கும்?" என்றுதான் வந்தது.

"கண்ணு நல்லாப் பெருசா இருக்கும்" என்றார் ஜெயபாண்டி. கனத்த கண்ணாடிக்குள் அவள் கண்கள் புளியமுத்து அளவுக்குச் சிறுத்துக் கிடந்தன. அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அவர் பார்த்தது கண்ணாடி போடாத பிள்ளையை, குரலும் போனில் கேட்ட இரண்டு வார்த்தைதான். காத்திருக்கிறவருக்குப் பேச ஓர் ஆள் கிடைத்தால் போதும். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். "எம்மூஞ்சி இப்பிடி ஆனப்பெறகு ஒருத்தரும் நேராப் பாக்க மாட்டாகம்மா. எங்க வீட்டாளுகளே சொவத்தப் பாத்துத்தான் பேசுவாக. அந்தப் பிள்ளை மட்டுந்தான் வச்ச கண்ணு வாங்காமப் பாத்துச்சு. கட்டுனா இதத்தான்னு அப்பவே சொல்லிட்டேன்."

அண்ணன் கேட்டதும் அண்ணி அழுததும் அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு ஒன்றுமே தெரியவில்லை, இன்றைக்குத் தெரிகிறது, தெரிந்தும் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவள் சொல்லியிருக்கலாம், ஓரத்துக்கு நகராமல் இருந்திருந்தால். இப்போது வாயைத் திறந்தால், பார்த்தவளுக்குக் கண் தெரியவில்லை, கண் தெரிந்தவள் ஒதுங்கிவிட்டாள் என்றல்லவா ஆகும். அந்த மனுஷனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷத்தைத் தன் வாயால் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

"நான் பாக்கலியே" என்றாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பாரோ என்னவோ. நமக்கென்ன, தள்ளி நின்று எதையும் சொல்லலாம். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

அடுத்த மதுரை பஸ்ஸும் வந்தது. "ஏறலையாம்மா?" என்றார் கண்டக்டர். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். வெயில் ஏறி, ஏழாயிரம்பண்ணை பஸ் வந்து நின்றதும் ஜெயபாண்டி எழுந்தார்.

"நீங்க இன்னும் இருப்பீகளாம்மா? அந்தப் பிள்ளை வந்தா, ஏழாயிரம்பண்ணைக்காரரு வந்து இருந்துட்டுப் போனார்னு சொல்லிருங்க. கோவமெல்லாம் இல்லன்னு சொல்லுங்க. யோசிச்சிருக்கும். அன்னைக்கு அப்பிடிப் பாத்ததே போதும்."

"சொல்லிருதேன்" என்றாள் சண்முகத்தாய். இந்தத் தடவை அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெந்த பக்கத்தையும் வேகாத பக்கத்தையும் முழுசாகப் பார்த்தாள். அதற்குள் அவர் பஸ் பக்கம் திரும்பிவிட்டார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் வெளியே போகிறவரை, ஸ்டாண்டுக்குள்ளே வருகிற பெண்களையே ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.